செல்ஃப் எடுக்குது, ஸ்டார்ட் ஆகல

பாலாற்றில் தண்ணீர் வந்துவிட்டதாம்.
வேலூரே பாலத்தில் நிற்கிறதாம்.
தொரப்பாடி வாசலில்
மூன்று மணிக்குச் சாவி போட்டார் ஜெயசிங்.
இர்ர்ர் இர்ர்ர் என்றது ஹெரால்டு.
மைக்கைப் பிடித்துக்கொண்டு
தொண்டையைச் செருமுகிற சம்பந்தி மாதிரி
அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

பானெட்டை முன்பக்கமாகக் கவிழ்த்தார்.
அந்த வண்டிக்கு அப்படித்தான்,
விளக்கோடு, மட்கார்டோடு, முகமே திறந்து வரும்.
முன் டயரின்மேல் உட்கார்ந்தார்.
கல்யாணமாகிப் பதினேழு வருடத்தில்
அவர் அதிக நேரம் உட்கார்ந்த நாற்காலி அது.

பெட்ரோல் வருகிறதா?
பைப்பைக் கழற்றி ஊறுகாய் பாட்டிலில் பிடித்தார்.
ஏசி பம்ப் துப்பித் துப்பி நிரப்பியது.
வருகிறது.
கரண்ட்?
காயில் வயரை இன்ஜினுக்கு ஒரு நூல் தள்ளிப் பிடித்துக்கொண்டு
என்னைச் செல்ஃப் அடிக்கச் சொன்னார்.
டிக் டிக்கென்று நீலம்.
அதுவும் வருகிறது.
பாயின்ட்டை எமரித் தாளில் தேய்த்தார்.
கண்டன்சர் மாற்றினார்,
மாற்றியது கழற்றியதைவிடப் பழசு.
பிளக் நான்கையும் எடுத்துத் தரையில் வைத்தார்:
ஈரம், பெட்ரோல் வாசம்,
தீயையே பார்க்காத மூஞ்சிகள்.
"எல்லாம்தான் வருதே, அப்புறம் என்னடி உனக்கு?"
என்றார்.
வண்டியைத்தான் என்று நினைக்கிறேன்.

கொணவட்டத்து நயீம் போனில் சொன்னான்,
டைமிங் பாருங்க சார்.
சரியாக இருந்தது.
ஃபைரிங் ஆர்டர்?
ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு. அதுவும் சரி.
அப்ப நான்தான் வந்து பாக்கணும்,
ஆனா பாலத்துல இருக்கேன் சார்,
என்னா தண்ணி!

எனக்கு இன்ஜின் தெரியாது.
ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு வருடமாக
எக்ஸ்ரே அறையில் இருக்கிறேன்.
வீக்கமில்லை, கை அசைகிறது, ஆனால் வலிக்கிறது
என்று வருவார்கள்.
மயிரிழை விரிசலைத் தேட
நல்ல இருட்டு வேண்டும்.

லைட்டை அணைங்க என்றேன்.
எதை?
எல்லாத்தையும்.
வாசல், ஹால், மாடி.
எதிர்வீட்டு டெய்சி தன் விளக்கை அணைத்துவிட்டு
"எவ்ளோ நேரத்துக்கு?" என்றாள்.

ஷைனி சாவியைத் திருப்பினாள்.
டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் முதுகில்
ஒரு நீலப் பூரான் ஓடியது.
மறுபடி திருப்பச் சொன்னோம்.
அதே வழியில் அதே பூரான்.
பிளக்குக்குப் போக வேண்டியது
மழை ஈரம் ஏறிய விரிசலில் வழிந்து
வழியிலேயே இறங்கிக்கொண்டிருந்தது,
மத்தியானம் முழுக்க, எங்கள் மூக்குக்கு நேராக.

கரிக்கோட்டை பிளேடால் சுரண்டி
மூடியைத் துடைத்துக் காயவைத்து
ஷைனியின் நகப்பூச்சை இரண்டு தடவை பூசினோம்.
பஞ்சுமிட்டாய் நிறம்.
மூன்று பேரும் குனிந்து ஊதினோம்.

இர்ர்,
பிடித்துக்கொண்டது.

பாலத்தில் எட்டரை மணிக்கு யாருமில்லை.
சுண்டல் வண்டி மட்டும் திரும்பிக்கொண்டிருந்தது.
கைப்பிடிச் சுவருக்கு அந்தப்பக்கம் ஒரே கறுப்பு,
எது மணல் எது தண்ணீர் தெரியவில்லை.
அவர் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுக்கவில்லை.
இன்ஜின் சத்தத்தில் ஆறு கேட்கவில்லை.

"ஆஃப் பண்ணுங்க."
"திரும்ப எடுக்கலேன்னா?"
"தள்ளுவோம்."

ஷைனி கண்ணாடியை இறக்கினாள்.
அவர் என்னைப் பார்த்தார்.
சாவியைப் பார்த்தார்.