ஒரு பூஜ்யம் குறைவாக

கென்னடி வீதியில், டோனட் கடைக்குப் பக்கத்தில்
என் அச்சகம்.
ஐந்தடி நீளத்தில் காசோலை வேண்டுமென்று
புதன் பின்னேரம் போன்.

அவர் ஹொக்கி வீரர், மனைவி பாடகி;
எந்தப் படத்திலும் கைகோத்தே நிற்கிற சோடி.
டயாலிசிஸ் பிரிவுக்கு ஐந்து மில்லியன்.
"நற்பணிதானே, ஏதும் குறைப்பீங்களா?"
என்றாள் காரியதரிசி.
குறைத்தேன். நாற்பது டொலர்.

முதல் பிரதியில் ஒரு பூஜ்யம் விழவில்லை.
இரவு ஒரு மணிக்குக் கண்டேன்:
ஐந்து மில்லியன் ஐந்து லட்சமாகி
மேசையில் மல்லாந்து கிடந்தது.
திரும்ப அடித்தேன்.

மண்டபக் கதவுக்குள் நுழைய மறுத்தது காசோலை.
சரித்துப் பிடி, இன்னும் சரித்துப் பிடி என்று
கோட் போட்ட நாலு பேர்.
பாடகி குதியுயர்ந்த செருப்பைக் கழற்றிவிட்டு
வந்து ஒரு முனையைத் தூக்கினாள்.
காயாத மை விரலில் ஒட்டியது.
லேஞ்சியை நீட்டினேன்.
படம் எடுக்க நேரமாகிவிட்டிருந்தது.

கேலி செய்யத்தான் இதை எழுதத் தொடங்கினேன்.

ஆனால் செவ்வாய், வியாழன், சனி
மூன்று பஸ் மாறிப்போன என் மச்சாள் சுகிர்தமலர்
இப்போது நடந்தே போய்
ஏழாம் இலக்க மெஷினோடு நாலு மணிநேரம் கிடக்கிறாள்.
எதிர்ச் சுவரில் அவர்கள் பெயர்
ஆளுயரத்துக்கு.
அவள் வாசித்ததில்லை.
மூக்குக்கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டுத்தான்
போவாள்.

பூஜ்யம் குறைந்ததை எறியவில்லை.
கடைப் பின்கதவில் சாத்தியிருக்கிறேன்.
ஜனவரிக் காற்றுக்கு
அந்த ஐந்து லட்சம் போதுமாயிருக்கிறது.