வரவுப் பதிவு

முதல் கூட்டத்தில் பணிஸ் தந்தார்கள்.
பிளேன்டி, சீனி கொஞ்சம் தூக்கல்.
பல்நோக்குக் கட்டட வாசலில் ஒரு தாள்:
பெயர், அடையாள அட்டை இலக்கம், ஒப்பம்.
சங்கத்துச் செயலாளர் நான்தான்
ஒவ்வொரு கைக்கும் பேனை நீட்டினேன்.
அதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

திரையில் ஒரு கட்டடம் வந்தது.
வெள்ளை. நீளம். யன்னல் இல்லை.
எங்கள் மேய்ச்சல் தரையில்
நாங்கள் ஒருநாளும் நட்டிராத மரங்கள்.
"உலகத்தின் ஞாபகமெல்லாம் இதற்குள் இருக்கும்"
என்றார் கொழும்பிலிருந்து வந்த தம்பி.
நல்ல பிள்ளை. சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார்.
கல்யாணப் படங்கள், வங்கிக் கணக்குகள்,
யாரோ யாருக்கோ அனுப்பிய சிரிப்பு முகங்கள்
அடுக்கி வைத்தால் சூடேறுமாம்.
ஆற்றத் தண்ணி வேணும்.

எவ்வளவு என்றார் பளீல் காக்கா.
சொன்ன லீற்றரை
உள்ளங்கையில் எழுதி, வெட்டி, திரும்ப எழுதி
வயலாக மாற்றிப் பார்த்தார்.
பிறகு கையை மூடிக்கொண்டார்.

ஆனி மாதம் துருசுக் கம்பில் ஒன்பதடி நிற்கையில்
கடைசி வாய்க்காலுக்கு எத்தனை மணித்தியாலம் என்று
அண்ணனும் தம்பியும் மண்வெட்டி தூக்கின ஊர்.
வட்டவிதானை கோணாமலையின் மோட்டார் சைக்கிளை
வாய்க்காலுக்குள் தள்ளியதும் நாங்கள்தான்.
தூக்கித் துடைத்துக் கொடுத்ததும் நாங்கள்தான்.

குணநாயகி எழும்பினாள்.
"தம்பி, என்ட காணி உறுதி
தொண்ணூறில ஓடேக்க பெட்டியோட போயிற்று.
கந்தோரில கேட்டா அங்கயும் எரிஞ்சதாம்.
திருகோணமலைக் கச்சேரிப் படி
இருபத்தாறு தரம் ஏறி இறங்கிட்டன்.
எல்லாற்ற ஞாபகத்தையும் வைப்பீங்களாம்,
என்ட கடுதாசி ஒண்டு கிடக்குமோ அதுக்குள்ள?"
அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது.
இருட்டில் ஒருவரும் சிரிக்கவில்லை.

மூன்றாம் கிழமை கடிதம் வந்தது.
"நூற்றுப் பதினான்கு பயனாளிகள் சம்மதம்.
ஒப்பங்கள் இணைக்கப்பட்டுள்ளன."
இணைப்பில் முதல் பெயர் என்னுடையது.
அன்றிரவு சாப்பாடு இறங்கவில்லை என்று எழுதலாம்.
இறங்கியது. சூடைமீன் பொரியல்.
ஒரு முள்கூடக் குத்தவில்லை,
அதுதான் எரிச்சல்.

வேண்டும் என்றவர்களும் இருந்தார்கள்.
றிஸ்கான் கணினி படித்தவன்,
இரண்டு வருடமாய்த் தம்பலகாமச் சந்தியில்
போன்களுக்குக் கண்ணாடி ஒட்டுகிறான்.
உள்ளூருக்கு எட்டு வேலை,
எட்டும் காவல் வேலை என்று அறிந்த அன்று
என் வாசலில் சைக்கிளை நிறுத்தி
ஒன்றும் பேசாமல் நின்றுவிட்டுப் போனான்.

இரண்டாம் கூட்டம்.
மண்டபம் கொள்ளவில்லை.
யன்னல் கம்பியில் பிள்ளைகள்,
வயலிலிருந்து நேரே வந்த சேற்றுக்கால்கள்,
வெளியே குடையோடு ஒரு நிரை.
வாசலில் அதே தாள்.
ஒருவரும் குனியவில்லை.
கோணாமலை அதைச் சுற்றிக் கடந்தார்,
பாம்பு படுத்திருக்கிற வரம்பைக் கடப்பதுபோல.

"ஒப்பமில்லாவிட்டால்
ஆரும் வரவில்லை என்றுதான் பதிவாகும்"
என்றார் உத்தியோகத்தர்.
எழுதுங்கோ என்றாள் குணநாயகி
முன்வரிசையில், மடியில் பேரப்பிள்ளையோடு.

அவர் என்னைப் பார்த்தார்.
"செயலாளராவது..."

பேனை என் கையில்தான் இருந்தது.
எங்கள் கூட்டப் புத்தகத்தை விரித்தேன்.
வரவு: இருக்க இடமில்லை.
குளம்: பதினொரு அடி, நாலு அங்குலம்.
தீர்மானம் என்ற இடத்தில்
"தண்ணி தர ஏலாது" என்று எழுதி
"ஏலாது" பேச்சுவழக்கோ என்று யோசித்து
அப்படியே விட்டேன்.

பணிஸை ஒருவரும் தொடவில்லை.
பிளேன்டியைக் குடித்தோம்,
அது எங்கட கிணத்துத் தண்ணி.
இந்தமுறை சீனி காணாது என்றார் பளீல் காக்கா.

வெளியே, சிவப்பு ரிப்பன் கட்டிய அளவைக் கட்டையில்
ஒரு எருமை கழுத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தது.
கட்டை ஆடியது.
இன்னும் விழவில்லை.