மிடறு

மென்று விழுங்காமல் சொல்லிவிடுகிறேன்:
பயமாக இருந்தது.
முப்பத்தொரு வருஷம் மின்கம்பம் ஏறியவன்,
சாண்டே தீவின் உப்புக் காற்றில்
பதினோராயிரம் வோல்ட்டோடு பழகியவன்,
சோப்புப்பெட்டி அளவுக் கருவி ஒன்றைக் கண்டு
நாற்காலியில் பின்னுக்கு நகர்ந்தேன்.

பிரையோனி கிர்க்வாலிலிருந்து
செவ்வாய்தோறும் படகில் வருவாள்,
படகு ஓடினால்.
தாடியை மழித்துவைத்த இடத்தில்
ஈர ஒட்டுகளை அழுத்துவாள்.
"எறும்பு ஊர்ந்தால் சொல்லுங்கள்."
ஊர்ந்தது.
"கடித்தால்?"
கடித்தது.
"யாரோ பிடித்து இழுக்கிற மாதிரி வரும்.
அப்போது விழுங்க வேண்டும், எர்லண்ட். அப்போது."

இழுத்தது.
தூண்டிலில் மாட்டிய காட் மீனின் பக்கம் நின்று
அன்றுதான் முதன்முறை யோசித்தேன்.

எம்.எஸ். என்றால் நரம்பின் மேலுறை உரிந்துபோவது,
வயரில் உறை போவது போல என்று
அபர்டீன் டாக்டர் எனக்கே விளக்கினார்,
தொழில் தெரிந்தவன் என்று ஒரு சலுகை.
தலையாட்டி வைத்தேன்.
உறை போன வயர்களை எனக்குத் தெரியும்.
ஏணி சாத்தலாம். லைனை அணைக்கலாம்.
கீழே நின்று ஹேமி
திட்டிக்கொண்டே டேப்பை எறிவான்.
இதற்கு ஏணியை எங்கே சாத்துவது?
எதை அணைத்துவிட்டு வேலை பார்ப்பது?

முதலில் கால் போனது. தீவே விசாரித்தது.
கண் மங்கியது. விசாரித்தார்கள்.
தண்ணீரோடு பகையானதை மட்டும்
யாரும் கேட்கவில்லை.
நாலு பக்கமும் கடல் உள்ள வீட்டில்
ஒரு தம்ளரில் மூழ்கத் தெரிந்தவன் நான்.

போன நவம்பரில் மூழ்கினேன்.
வழி தவறிய தேநீர் நுரையீரலில் இறங்கி
ஒன்பது நாள் ஆஸ்பத்திரி.
அதற்குப் பிறகு எல்லாவற்றிலும் மாவு.
தண்ணீரில் மாவு, சூப்பில் மாவு,
புத்தாண்டு விஸ்கியிலும்.
தோரா கலக்கி, கரண்டியைக் கவிழ்த்துப் பார்த்து
"சுவரொட்டி ஒட்டலாம்" என்றாள்.
சிரித்தேன். புரையேறியது.
சாப்பிடும்போது சிரிக்கக் கூடாது,
பேசவும் கூடாது, அது சட்டம்,
ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது:
நிமிர்ந்து உட்கார். முகவாயைத் தாழ்த்து.
ஒரு வாய்க்கு இரண்டு முறை விழுங்கு.
இருபத்தாறு வருஷம்
சண்டை போட்டே சாப்பிட்டவர்கள்
இப்போது கடிகாரம் கேட்டுச் சாப்பிடுகிறோம்.

புயலில் இரண்டு செவ்வாய் படகில்லை.
ஒட்டுகளை வைக்கத் தோராவே கற்றுக்கொண்டாள்.
"முத்தமிட்ட இடம்தானே," என்றாள்,
"எனக்கு வழி தெரியும்."

ஆறாம் வாரம் எக்ஸ்ரே.
சுண்ணாம்பு போல ஒன்றை விழுங்கச் சொன்னார்கள்.
திரையில் அது கறுப்பாக
நாக்கின் கடைசி விளிம்புக்கு வந்து
நின்றது.
நின்றது.
பிறகு சின்ன லாடம் போல ஓர் எலும்பு
எழும்பி, முன்னே வந்து,
கதவு சாத்தி, உள்ளே அனுப்பியது.
ஒரே ஒரு துளி
தப்பான வாசலில் எட்டிப் பார்த்துத் திரும்பியது.
போன முறை நாலைந்து
செருப்போடு உள்ளே போயிருந்தன.

"கரண்டா, பயிற்சியா, தானாகவேவா?"
பிரையோனி தோளைக் குலுக்கினாள்.
"தெரியாது. தெரியும் என்று சொன்னால் பொய்."
அதற்காகவே அவளைப் பிடிக்கும்.

இன்று, பல் துலக்கிய பிறகு,
ஒரு கரண்டிக்கு அனுமதி.
மாவில்லாத தண்ணீர்.
குளிர். மெலிவு. நாக்கில் நிற்காத ஓட்டம்.
தண்ணீருக்கு எவ்வளவு அவசரம் என்பதையே
மறந்துபோயிருந்தேன்.
முகவாயைத் தாழ்த்தினேன்.
எறும்பு. கடி. பிடி.
மிடறு எழும்பியது.
ஒரு மிடறு இறங்கியது.

தோரா முப்பது வரை எண்ணினாள்,
சத்தமில்லாமல், உதட்டால் மட்டும்.
இருமலுக்குப் பழகிய நாய்
தலையைத் தூக்கிக் காத்திருந்தது.
வரவில்லை.
நாளை வரலாம்.

"ஹேமி படகை விற்கிறானாம்" என்றாள்.

"எவ்வளவுக்கு?"