கோப்பியில் கழுவிய படம்

ஐஸ்கட்டி வாங்கி வந்தது நான்தான்.
அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில்
சுகுணவதிக்கு இரவு வேலை.
நுண்ணோக்கியில் குனிந்து பன்னிரண்டு மணிநேரம்
சிலிக்கன் தட்டுகளில் கீறல் தேடுவாள்.
ஒழுங்கு பிசகிய இடத்தில்
சிவப்புப் புள்ளி வைத்து ஒதுக்க வேண்டும்,
அதற்குத்தான் சம்பளம்.

விடுமுறையென்றால் தெலுக் கும்பார்.
கடல் வற்றிய ஈரத்தில்
மிளகளவு நண்டுகள் மணலை வாயிலிட்டு
தின்ன முடிந்ததைத் தின்று
மிச்சத்தை உருட்டி உருட்டி வைக்கும்.
வளையைச் சுற்றிக் கதிர்கதிராய் உருண்டைகள்.
அடுத்த வளையின் கதிர்கள் நெருங்கும் இடத்தில்
யாரும் கிழிக்காத ஓர் எல்லை.
காலாவதியான பதினாறு மில்லிமீட்டர் சுருளில்
முட்டி தேய அவள் எடுத்தது அவ்வளவுதான்.
"கதாநாயகன் யார்?" என்றேன்.
"அலை. கடைசியில்தான் வருவான்."

கழுவ ரசாயனம் வாங்கக் காசில்லை.
கோப்பித்தூள், சலவைச் சோடா, வைட்டமின் சி மாத்திரை.
ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியில்
பதினோராவது மாடிக் கழிவறை
இருட்டாகி, கோப்பிக்கடையாய் மணத்தது.
கரைசல் சுட்டது.
பதறிப்போய் நான்
ஐஸ் கச்சாங் கடையில் வாங்கி வந்ததை
அலசும் வாளியில் அப்படியே கொட்டினேன்.

வெளிச்சத்தில் பிடித்தபோது
பிலிம் நெடுக வெடிப்பு.
சூட்டிலிருந்து குளிருக்கு விழுந்த பூச்சு
சுருங்கி இழுபட்டு
கட்டம் கட்டமாய், மூலை மூலையாய்
பாளம் வெடித்த சேறுபோல.
நண்டுகள் அதற்குப் பின்னால்
எதுவும் அறியாமல் உருட்டிக்கொண்டிருந்தன.

நான் மன்னிப்புக்குச் சொல் தேடிக்கொண்டிருந்தேன்.
அவள் உருப்பெருக்கியை எடுத்தாள்.
வெகுநேரம் கழித்து
"உன் ஐஸும் எல்லை போடுது, பார்" என்றாள்.

லெபோ விக்டோரியாவில் ஒரு மாடியறை.
பதினேழு பேர், இரண்டு மின்விசிறி, ஒன்று ஓடவில்லை.
அவளுடைய மேற்பார்வையாளர் ஓங் கேட்டார்:
"இந்தக் கோடுகள் கேமராவுக்கு முன்னாலா, பின்னாலா?"
அவள் என்னைக் கை காட்டினாள்.
எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

அதற்குள் அலை வந்துவிட்டது.
உருண்டைகள் ஒரே இழுப்பில் கரைந்தன.
வெடிப்பு மட்டும் நின்றது
வெறும் தண்ணீர் மேல்,
பிறகு வெறும் வெள்ளைமேல்,
சுருளின் வால் படபடவென்று அடிக்கும்வரை.

திங்கள் இரவு
ஒரு தட்டை
வழக்கத்தைவிடக் கூடுதலாகப் பார்த்தாளாம்.
அழகான கீறல், ஆற்றின் கிளைபோல என்றாள்.

பிறகு?

சிவப்புப் புள்ளி வைத்தேன்.
வீட்டுக் கடன் யார் கட்டுவது?