காலாங் கழிமுகம், காற்று மாறுமுன்

வாடை எழ இன்னும் இருபது நாள் என்றார் மாலுமி.
நாகூர்க் கப்பலின் பீப்பாய்களில் நன்னீர் நிரப்ப
சிங்கபுரத் தீவின் காலாங் கழிமுகத்தில் நங்கூரம்.
மூன்றாம் நாள் ஒரு படகு ஒட்டி வந்தது,
பாய்மேல் ஒருவனைக் குப்புறப் போட்டு.

ஆவாங். வயது இருபது இருக்கும்.
மூச்சடக்கிக் கடலட்டை எடுப்பவன்.
இப்போது முதுகின் நடுவே ஓர் எலும்பு
துணிக்கு அடியிலிருந்து விரல் நீட்டுவதுபோல்
துருத்தி நிற்கிறது.

கண்டல் மரத்திலிருந்து விழுந்தான் என்றார் தகப்பன்.
ஆற்றுப்பேய் அறைந்தது என்றாள் தாய்.
எங்கள் துபாசி, மலாக்காவின் இபுராகீம் குட்டி,
இரண்டையும் ஒரே குரலில் பெயர்த்தான்.

எப்போது விழுந்தான்? போன மழைக்கு.
வலி எப்போது? அதற்கு முந்திய மழைக்கு.
அப்படியானால் விழுந்ததால் நோயில்லை,
நோயால் விழுந்தான். எழுதிக்கொண்டேன்.
பேயை எழுதவில்லை. மறுக்கவும் இல்லை.

கொட்டைப்பாக்கு ஒன்றைத் தளத்தில் உருட்டி
எடு என்றேன்.
குனியவில்லை. மூங்கிலை விழுங்கியவன்போல்
முதுகு நிமிர, முழங்கால் மடக்கி, இறங்கி எடுத்தான்.
எழும்போது தன் தொடைமேலே கைவைத்துக் கைவைத்து
தன்மீதே ஏணிபோல் ஏறினான்.

வாதம் என்று எழுதத் தொடங்கிய கை நின்றது.
நான் பார்த்த வாதத்தில் கால் நனைந்த துணி.
இவன் கால் முறுக்கேறிய கயிறு,
பாதத்தை மடக்கினால் தானாகத் துள்ளுகிறது.
ஊசி குத்தினால் தெரிகிறதாம்,
தூரத்தில் வேறு யாரையோ குத்துவதுபோல்.

பிறகு, தொடை மடிப்பில் அந்த வீக்கம்.
மாங்காயளவு. சூடில்லை, சிவப்பில்லை.
சீழென்றால் ஏன் இத்தனை குளிர்ச்சி?
குடலிறக்கமென்றால் அழுத்தும்போது களகளக்க வேண்டும்.
இது வேறு, அது வேறு என்று
இரண்டு நாளாய் இரண்டு தாளில் எழுதிவந்தேன்.

அன்று கீழ்த்தளத்தில் ஓடாவி மீராப்பிள்ளை
அரிசி மூட்டை நனைந்த இடத்தைத் தடவிப் பார்த்தார்,
அதை விட்டுவிட்டுப் பதினாறு முழம் தள்ளிப்போய்
பாய்மரத்தடியில் பலகை இடுக்கைக் குத்தினார்.
"தண்ணி நிக்கிற எடம் வேற, நொழையிற எடம் வேற."

மேலே ஓடினேன். ஆவாங்கை ஒருக்களித்துக் கிடத்தி
ஒரு கை விலாவுக்கும் இடுப்புக்கும் நடுவே,
ஒரு கை தொடை மடிப்பில்.
கீழே அழுத்தினேன். மேல்கையில் அலை தட்டியது.

முள்ளெலும்பு உள்ளே அரித்து,
சதையோரமாகவே இறங்கி, தொடையில் வந்து தேங்குகிறது.
ஒரே நோய்.
இரண்டு தாளையும் ஒன்றாகத் தைத்தேன்.

கீறிவிடு என்றான் அண்ணன், தன் கத்தியையே நீட்டி.
பரங்கிப்பேட்டையில் ஒரு சேணியருக்குக் கீறியிருக்கிறேன்.
பதினோரு மாதம் வடிந்தது. அந்த மாதங்களை
அவர் மனைவி என்முன் விரல்விட்டு எண்ணினாள்.
கத்தியை அவனிடமே திருப்பினேன்.

பலகைமேல் மல்லாக்க, ஒரு வருஷம், அசையாமல். கரையில்.
கடைசிச் சொல்லில் துபாசி தயங்கினான்.
தகப்பன் சிரித்தேவிட்டார்:
மண்ணில் படுக்கிறவர்கள் செத்தவர்கள்.
படகோ ஆறு முழம். அதில் ஏழு பேர், ஓர் அடுப்பு, ஒரு நாய்.

மருந்துப் பெட்டியை மூடிவிட்டேன், ஓசை கேட்கும்படி.

மறுநாள் அண்ணன் தன் படகைக் காலிசெய்து
கண்டல் வேர்களில் நான்கு மூலையும் கட்டியிருந்தான்,
வெள்ளத்தோடு ஏறும், ஆனால் ஆடாது.
ஆவாங் அதில் தனியே, பலகைமேல்.
அண்ணனும் மனைவியும் பிள்ளையும்
தகப்பன் படகில் ஒண்டிக்கொண்டார்கள். இப்போது ஒன்பது பேர்.

வீட்டில் இருமல் உண்டா என்று ஏன் கேட்டேனோ.
அக்காள், இரண்டு வருஷம் முன், இரத்தமாய் இருமி.
தாய்க்கும் இரவில் வருகிறது.
தாளின் ஓரத்தில் எழுதிவைத்தேன்.
முதுகோடு அதைத் தைக்க என்னிடம் நூலில்லை.

வாடை ஐந்து நாள் முந்தியே எழுந்துவிட்டது.
பெற்றது: காய்ந்த கடலட்டை, அரைக்கூடை.
கொடுத்தது: பலகை ஒன்று. ஓடாவியிடம் கடன்.