கடற்சிங்கங்கள் மெல்வதில்லை

வால்திவியாவில் மழை ஒரு செய்தியல்ல.
ஆற்றோர மீன்சந்தையின் தகரக் கூரை
விடியலிலிருந்து பேசிக்கொண்டே இருக்கிறது.
நான் சியெர்ரா மீனின் வயிற்றைக் கீறி
ஒரே இழுப்பில் உள்ளிருப்பதையெல்லாம்
பின்னால் ஆற்றுக்குள் எறிகிறேன்.
கடற்சிங்கங்கள் வாய் திறந்து வாங்குகின்றன.
அவை மெல்வதில்லை.

நான் ஒரு வாய்க்கு முப்பது முறை மெல்கிறேன்.
பயமான நாளில் நாற்பது.

மூன்று வருடம் முன்பு
என் இரைப்பையையும் எடுத்தார்கள்.
நல்ல கத்தியா, நான் வேண்டுமானால் தீட்டித் தரட்டுமா
என்று கேட்டேன்.
மருத்துவர் சிரிக்கவில்லை. சின்னப் பையன்.
உணவுக்குழாயை நேரே குடலோடு தைத்துவிட்டு
ஆறு வேளை, கையளவு, இனிப்பு வேண்டாம் என்றார்கள்.
போன மாதம் படம் எடுத்துப் பார்த்து
சுத்தமாக இருக்கிறது என்றார்கள்.
வயிற்றில் பால் வார்த்தீர்கள் என்று சொல்ல
வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன்.
வார்க்க எங்கே வயிறு?

உணவு ஆலோசகர் கத்தாலினா கயுகேயோ
ஒரு நோட்டு தந்திருக்கிறாள்.
இடப்பக்கம், என்ன சாப்பிட்டீர்கள்.
வலப்பக்கம், மனம் எப்படி.
இடப்பக்கத்தில் நான் நேர்மையானவள்.
அவித்த முட்டை ஒன்று.
ரொட்டி, மேல்தோல் நீக்கி, பாதி.
பூசணி சூப் ஏழு கரண்டி, எட்டாவது முடியவில்லை.
வலப்பக்கத்தில் நாள் தவறாமல்
நன்று
நன்று
நன்று
பலகையில் மீன்விலை எழுதும் அதே கையெழுத்தில்.

நாத்தனார் நெல்டா சொல்கிறாள்
சர்க்கரை தின்றால் அது திரும்பி வருமாம்.
பக்கத்துக் கடை ஹூவெனால், பால் கூடாது.
அவன் மனைவி, பால்தான் வேண்டும்.
இரண்டு பேருக்கும் யாரோ கைப்பேசியில் அனுப்பியது.
இப்போது ஒவ்வொரு கரண்டியும்
கூண்டிலேறி நிற்கிறது என் முன்னால்.
நீயா? நீதானா கொண்டுவந்தாய்?
முப்பது வருடம் தின்ற புகைமீனை
இரவு மூன்று மணிக்கு விசாரிக்கிறேன்.
அதுவும் பதில் சொல்வதில்லை,
தீர்ப்பும் ஆவதில்லை.

ஆகஸ்டில் நெல்டாவின் மகனுக்குத் திருமணம்.
அவளே செய்த ராஸ்பெரி கேக்.
சர்க்கரையைப் பற்றி எனக்குப் பாடம் எடுத்தவள்
அன்று தட்டோடு நின்றாள், கண்ணில் நீரோடு.
வாங்கிக்கொண்டேன்.
எண்ணாமல் மென்றேன்.
இருபது நிமிடத்தில் நெஞ்சு படபடத்து
முதுகெல்லாம் வியர்த்து
கை நடுங்க, கழிவறைத் தரையில் உட்கார்ந்தேன்.
வெளியே அக்கார்டியன்.
இது சர்க்கரையா, பயமா?
இரண்டும் ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டுதான் வருகின்றன.
முன்பென்றால் தெரிந்திருக்கும்,
பயம் வந்தால் வயிற்றில் புளி கரையும்.
வயிறு போன பின்
அது வேறெங்கோ அறை எடுத்துத் தங்கியிருக்கிறது,
முகவரி சொல்லாமல்.

அன்றிரவு வலப்பக்கத்தில் எழுதினேன்:
தெரியவில்லை. செத்துவிடுவேன் என்று நினைத்தேன்.
கேக் ருசியாக இருந்தது.

கத்தாலினா நோட்டைப் புரட்டினாள்.
நூற்றுக்கும் மேற்பட்ட நன்றுகளைத் தாண்டி
அங்கே வந்து நின்றாள்.
பென்சிலால் ஒரு கோடு.
"இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்" என்றாள்.
மனதுக்கென்று இரண்டாம் மாடியில் ஒருவர் இருக்கிறாராம்,
செவ்வாய்க்கிழமை.
செவ்வாய் எனக்குப் படகு வரும் நாள் என்றேன்.
"அப்படியானால் புதன்" என்றாள்,
என் கடையில் பேரம் பேசுகிறவள் போல.

இன்று செவ்வாய்.
கழுத்தில் தழும்புள்ள அந்தக் கிழட்டுக் கடற்சிங்கம்
நான் எறிந்த மீன்தலையை முகர்ந்து பார்த்துவிட்டு
முகத்தைத் திருப்பிக்கொண்டது.
உனக்கு யார் என்ன சொன்னார்கள்
என்று கேட்டேன்.
ஹூவெனால் எட்டிப் பார்த்தான்.

கையைக் கழுவிக்கொண்டு
பத்து மணி முட்டையை எடுத்தேன். உப்பு கொஞ்சம்.
பதினான்கு, பதினைந்து,
ஒரு அம்மாள் வந்து மீன் புதிதா என்று கேட்டாள்,
எண்ணிக்கை விட்டுப்போயிற்று.

விழுங்கிவிட்டுச் சொன்னேன்,
காலையில் வந்தது.