ஆட்டினேன்

நாலு வருடம் கழித்து
இன்றுதான் ஒருவர் கேட்கிறார்:
அன்றிரவு அவர் சொன்ன சொல் என்ன?
தமிழிலேயே சொல்லுங்கள்.

ஆட்டினேன்.

சொலத்தூர்ன் நீதிமன்றம். யன்னலுக்கு வெளியே ஆரே
பனிக்கரைசலில் பருத்து ஓடுகிறது.
தட்டெழுதுபவர் கையை உயர்த்துகிறார்.
முதலில் நெடில், பிறகு இரண்டு 'ட' என்கிறேன்.

தொட்டிலை ஆட்டுவோம்.
உழுந்தையும் ஆட்டுவோம்.
காற்று முருங்கையை ஆட்டும், பேய் பிடித்தால் ஆளை.
அவர்களுக்கு அதற்கு இரண்டு சொல்.
ஒன்றில் பிள்ளை உறங்கும்.
மற்றது

இரவு இரண்டு மணி. மணிக்கு எழுபது பிறாங்க்.
வீட்டில் என் மகனுக்கு முப்பத்தொன்பது காய்ச்சல்,
மடியில் கைபேசி அதிர்ந்துகொண்டிருந்தது.
நான் மற்றதை எடுத்தேன்.

பதினொரு பக்கம். சட்டப்படி
திரும்ப வாசித்துக் காட்டினேன், தமிழில்.
அவர்களின் சொல் என் வாயில் மறுபடி
'ஆட்டினேன்' ஆகியது.
தவறஞ்சினி ஓமென்று தலையை ஆட்டினாள்.
பக்கத்துக்குப் பக்கம் ஒப்பமிட்டாள்.

பிள்ளைகள் காப்பகத்தின் நித்திரைக் கொப்பி
சான்றுப்பொருள் ஆறு.
அவளுடைய உருண்டை எழுத்து:
11.50 அழுகை
12.10 அழுகை
12.25 அரைப் போத்தல், பிறகு அழுகை
12.40 எலின் தூங்கிவிட்டாள்.
பக்கத்தில் மஞ்சள் சூரியன் ஒன்று ஒட்டியிருக்கிறாள்.
தூங்கிய பிள்ளைகள் எல்லோருக்கும் அது ஒட்டுவாளாம்.

பேர்னில் இருந்து வந்த வைத்தியர்
படத்தில் வெள்ளையைத் தொட்டு
அன்றைய இரத்தம் என்கிறார்.
பாசலில் இருந்து வந்தவர்
அதே படத்தில், வெள்ளைக்குக் கீழே,
சாம்பல் நிறத்தைத் தொட்டு
பத்து நாள் பழசு என்கிறார்.
பத்து நாளுக்கு முன் ஞாயிற்றுக்கிழமை.
எலினின் தகப்பன் தன் சப்பாத்தைப் பார்க்கிறார்.
தாய் பார்ப்பது
என்னை.

இரண்டில் எந்தச் சொல், என்கிறார் நீதிபதி.

கைகளால் காட்டினாள். அது நினைவிருக்கிறது.
பொலிஸ்காரர் விசைப்பலகையைப் பார்த்திருந்தார்.
நான் அவர் வாயைப் பார்த்திருந்தேன்,
அடுத்த கேள்விக்காக.
கடைக்கண்ணில், மேசைக்கு மேல்,
பத்து மாதப் பிள்ளை அளவுக்கு விலகி
இரண்டு கைகள் அசைந்தன.
அறிக்கையில் கைகளுக்கு இடமில்லை.

எவ்வளவு வேகம்?
நாலு வருடமாகப் படுக்கையில் பார்க்கிறேன்.
சில இரவு மெல்ல.
ஒவ்வோர் இரவும் மெல்ல என்றால்
எனக்கு நித்திரை வந்திருக்கும்.

உங்களுக்குத் தெரியாதா?

தவறஞ்சினி திரும்புகிறாள்.
முடி பாதி நரைத்துவிட்டது.
இன்று அவளுக்கு வேறு மொழிபெயர்ப்பாளர்,
கழுத்துப்பட்டி கட்டிய பொடியன்.
நான் வாய் திறப்பேன் என்று
அவள் காதருகே குனிந்தபடி இருக்கிறான்,
கழுத்து நோகும்,
இன்னும் குனிந்தபடி.